எரிவதற்கு ஒரு வீடு

மெஷின்கள் இருந்த பின்னறையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தாளை யாரும் கிழிக்கவில்லை, கசக்கவும் இல்லை. நான்கு மூலையிலும் டேப் ஒட்டியபடியே இருந்தது. அதை நின்று படித்துவிட்டு, படித்ததைக் கண்டுகொள்ளாமல் ஒருவன் கதவைத் திறந்து உள்ளே போய்த் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கலைமதிக்கு அதுதான் தாங்கவில்லை. கிழித்துப் போட்டிருந்தால்கூட, அவள் எழுதியதற்கு ஏதோ ஒரு மதிப்பு இருக்கிறது என்று ஆகியிருக்கும்.

தாளில் காலை எட்டு மணிக்கு அவள் கட்டங்கட்டி எழுதியது இதுதான். ஒன்பதிலிருந்து நாலு வரை முதல் மூன்று மெஷின் சரவணக்குமார் சாருக்கு, அடுத்த மூன்று செவந்திக்கு. நாலுக்கு மேல் ஆறும் செவந்திக்கு. யாரும் மாற்ற வேண்டாம். கீழே கையெழுத்து.

அன்றைக்கு விராலிமலையில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று இரண்டு நாள் முன்பே பேப்பரில் வந்துவிட்டது. சர்வீஸ் ரோட்டை ஒட்டிய டிராக்டர் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் நடந்துகொண்டிருந்தது ஆவுடையப்பனின் ஸ்டுடியோ. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், ஹைதராபாத் கம்பெனி ஒன்றின் பழக்கத்தில் சினிமாவுக்கும் வெப் சீரிஸுக்கும் கிராபிக்ஸ் செய்துகொடுக்க ஆரம்பித்து, இப்போது இருபத்திரண்டு பேரை வைத்து வேலை வாங்கினார். மேசையில் உட்கார்ந்து அவர்கள் செய்வதை எல்லாம், நொடிக்கு இருபத்துநாலு படம் என்ற கணக்கில், ஒவ்வொரு படமாகக் கணித்து வரைந்து முடிக்கப் பின்னறையில் பன்னிரண்டு மெஷின்கள் இருந்தன. அந்த வேலைக்குப் பெயர் ரெண்டர். மெஷின்கள் எல்லாருக்கும் பொது. யாருடைய ரெண்டர் எந்த மெஷினில், எப்போது ஓடும் என்று பிரித்துக்கொடுப்பதும், சர்வரைக் கவனித்துக்கொள்வதும் கலைமதியின் பொறுப்பு. திருச்சியில் பி.எஸ்சி. முடித்த கையோடு, கல்யாண வீடியோ காலத்திலேயே இங்கே வந்து சேர்ந்தவள். இப்போது முப்பத்தொன்று ஆகிறது.

ஜெனரேட்டரில் பன்னிரண்டும் ஓடாது. ஆறுதான் ஓடும். மாலை ஆறு மணிக்குள் ஹைதராபாத்துக்கு எட்டு ஷாட் போயாக வேண்டும். தெருக் காட்சி ஏழு, வீடு எரியும் காட்சி ஒன்று. ஆறு மெஷினை வைத்து எட்டு ஷாட்டையும் முடிக்க முந்தின நாள் முழுக்கக் கணக்குப் போட்டுத்தான் அவள் அந்தக் கட்டத்தை எழுதியிருந்தாள்.

பத்து மணிக்கு ஜெனரேட்டர் இருமியது. டிரைவர் ஆண்டிச்சாமிதான் அதையும் பார்த்துக்கொள்பவர். டீசல் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று அவர் கூப்பிட, கீழே போய் அவருடன் நின்று கழற்றி மாட்டிவிட்டு அவள் மேலே வரும்போது மணி பதினொன்று. கையில் டீசல் நாற்றம் போகவில்லை. திரையைப் பார்த்தாள். ஆறு வரியிலும் ஒரே பெயர். சரவணக்குமார், நெருப்பு. சரவணக்குமார், நெருப்பு. செவந்தியின் வேலைகள் வரிசையிலேயே இல்லை.

அடுத்து சர்வரைப் பார்த்தாள். செவந்தியின் வேலையின் ஏழாவது பதிப்பு இருந்த 'தெரு, ஏழு' ஃபோல்டரும் இல்லை.

அந்த ஃபோல்டரில் இரண்டு நாளாக ஓடி முடிந்த படங்கள் இருந்தன. ஐந்து தெரு ஷாட், ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை எடுத்த நகலில் அவை கிடையாது. ரெண்டர் ஆன படங்களை நகல் எடுத்து வைக்க இடம் ஏது?

செவந்தி தன் மேசையில் கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபத்துநாலு வயது. இலுப்பூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். தெரு, வீடு, மரம், கிணறு என்று கதைக்கு வேண்டிய ஊரைக் கம்ப்யூட்டரில் கட்டிக் கொடுப்பது அவள் வேலை.

"எப்ப போச்சு?" என்றாள் கலைமதி.

"பத்தரைக்குப் பாத்தேங்க்கா. இல்ல."

"எங்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதான?"

"கீழ வந்தேன். நீங்க ஜெனரேட்டர்கிட்ட நின்னீங்க. சத்தத்துல காதுல விழல. மேல வந்தா, சரவணன் சாரு நான் பேசிக்கிறேன், நீ போயி ஒக்காருன்னாரு."

ஒக்காருன்னாரு. கலைமதி நேராக ஜன்னலோர மேசைக்குப் போனாள்.

சரவணக்குமார் ஐந்து மாதத்துக்கு முன் சென்னையிலிருந்து வந்தவன். பெரிய ஸ்டுடியோவில் ஒன்பது வருடம் நெருப்பும் புகையும் வெள்ளமும் செய்தவன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்கே வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் ஆவுடையப்பன் வீடு தேடிப் போய் அழைத்து வந்தார். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. தான் பழகிய சாஃப்ட்வேர் வேண்டும். அது ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அந்த மெஷினில் வேறு எதுவும் ஓட முடியாது. அவனுக்காகவே ஆறு மெஷினில் புது கார்டுகள் வாங்கிப் போட்டார்கள். அந்த ஆறைத்தான் இன்றைக்கு ஜெனரேட்டரில் இணைத்திருந்தார்கள்.

"சார், லிஸ்ட பாத்தீங்களா?"

அவன் ஒரு காதிலிருந்து மட்டும் ஹெட்போனை நகர்த்தினான். "பாத்தேங்க."

"பாத்துட்டுத்தான் மாத்துனீங்களா?"

"மூணு மெஷின்ல போட்டா முடிய நாலு மணி ஆயிரும். அப்பறம் வீட்டோட சேக்கணும், கலர் பாக்கணும். ரிஸ்க் எடுக்க முடியாதுங்க. க்ளையன்ட் பாக்கப்போறது நெருப்பத்தான். தெருவ யாரு பாக்கப்போறா?"

"செவந்தியோட ஃபோல்டர் எங்க?"

"எது?"

"தெரு, ஏழு."

"அதா? சர்வர் ஃபுல்லுன்னு வந்துச்சு. எட்டுன்னு ஒண்ணு இருந்துச்சே. பழசுதானேன்னு தூக்கிட்டேன்."

"எட்டுல இருக்கிறது ரெண்டு ஷாட்டுக்குத் திருத்தம் மட்டுந்தான். மத்த எல்லாம் ஏழுலதான் முடிஞ்சு இருந்துச்சு. தெறந்து பாத்தீங்களா?"

அவன் மவுஸைப் பிடித்துத் திரையில் எதையோ நகர்த்தினான். திறந்து பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவன் முகம் இறங்கவும் இல்லை. கலைமதிக்குக் காது மடல் சுட்டது.

"சர்வர அடைச்சிக்கிட்டு இருக்கிறது ஒங்க நெருப்பு சார். பாதிக்கு மேல ஒங்களோடதுதான். போன வாரத்துப் பழைய நெருப்பு, அதுக்கு முந்தின வாரத்துப் புகை, எதையும் நீங்க அழிக்கல. எடம் பத்தலன்னா ஒங்க சாமான வெளிய போடணும். அடுத்தவ சாமானவா எடுத்துப் போடுவீங்க?"

"கலைமதி, நான் வேலை பாத்த எடத்துல நானூறு மெஷின். கேட்டா குடுப்பாங்க. இங்கிட்டு ஆறு மெஷினுக்குக் கதவுல நோட்டீஸ் ஒட்டி வச்சிருக்கீங்க."

"நானூறு இருந்தா நான் ஏன் சார் ஒட்டப்போறேன்?"

பக்கத்து மேசையில் பிராங்க்ளின் குனிந்துகொண்டான். இரண்டு பேர் எழுந்து டீ குடிக்கப் போவதுபோல் வெளியே போனார்கள்.

"எனக்கு இந்த டூல் இல்லாட்டி கை ஓடாதுங்க," என்றான் சரவணக்குமார். இப்போதுதான் அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "பாதி மெஷினக் குடுத்துட்டு நல்ல நெருப்புக் குடுன்னா எப்படிக் குடுக்குறது?"

"ஒங்க கைக்குப் பிடிச்சது ஒங்க மேசையில இருக்கட்டும். அந்த ரூம்ல இருக்கிறது எல்லாருக்கும். அடுத்தவங்க ஃபோல்டர அழிக்கிறதுக்கு ஒங்களுக்கு பாஸ்வேர்ட் யாரு குடுத்தா?"

"சார் குடுத்தாரு."

அந்த பாஸ்வேர்ட் இரண்டே பேரிடம் இருந்தது. ஒன்று அவளிடம். இன்னொன்று ஆவுடையப்பனிடம், அதுவும் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் உதவும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தது.

பொன்னமராவதியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்த ஆவுடையப்பன், போனில் அவள் குரலைக் கேட்டதும் சாப்பிட்ட கையோடு கிளம்பி வந்துவிட்டார். நெற்றியில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. தாம்பூலப் பையை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடித் தடுப்பு போட்ட தன் அறையில் ஏசியைக் கூட்டினார்.

"ஏம்மா, படிச்ச ஆளுக ரெண்டு பேரு. இதுக்கு நான் அம்புட்டுத் தூரத்துலருந்து ஓடியாரணுமா?"

"பாஸ்வேர்ட ஏண்ணே குடுத்தீங்க?"

"கேட்டாரு, குடுத்தேன். அவரு சீனியரு. சின்னச் சின்னதுக்கெல்லாம் ஒங்கிட்ட வந்து நிக்கச் சொல்றியா?"

"எல்லாரும் நிக்கிறாங்க. செவந்தி நிக்கிது. பிராங்க்ளின் நிக்கிறான். அவரு நின்னா என்ன?"

"நீ பேசுறது கோவத்துல பேசுறது."

"ஆமாண்ணே. கோவத்துலதான் பேசுறேன். ரெண்டு நாள் மெஷின் ஓடுனது அஞ்சு நிமிஷத்துல போச்சு. கோவம் வராம என்ன வரும்?"

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. கலைமதிக்கு அந்த முகம் தெரியும். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் கேமரா நின்றுபோனபோது, பெண் வீட்டாரிடம் அதே முகத்தோடுதான் போய்ப் பேசினார்.

"இப்புடிப் பண்ணு. நெருப்பு ஷாட்ட இன்னைக்கு அனுப்பிரு. தெருவுக்கு மட்டும் செவந்திய ஒரு மெயில் போடச் சொல்லு. எங்கை தவறி ஃபோல்டர் அழிஞ்சிருச்சு, மன்னிச்சுக்கங்க, நாளைக்கு அனுப்புறேன்னு. சின்னப் புள்ள தெரியாம பண்ணிருச்சுன்னா அவங்களும் விட்டுருவாங்க. சரவணன் பேரு போனுச்சுன்னு வையி, இனிமே அவரு குடுக்குற எல்லாத்தையும் சந்தேகமாப் பாப்பாங்க."

கலைமதி வெளியே பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செவந்தியின் முதுகு தெரிந்தது. பின்னலில் காலையில் வைத்த கனகாம்பரம் வாடியிருந்தது. அந்த முதுகு நிமிர்ந்திருந்த விதத்திலேயே, இங்கே பேசுவது அங்கே கேட்கிறது என்று தெரிந்தது.

"சொல்ல மாட்டேன்."

"என்னது?"

"அவகிட்டப் போயி இத என் வாயால சொல்ல மாட்டேண்ணே. நீங்களும் சொல்லக்கூடாது. யாரு, எந்த மெஷின்லருந்து, எத்தன மணிக்கு அழிச்சாங்கன்னு சர்வருல பதிஞ்சிருக்கு. பத்து இருவத்திரெண்டு. செவந்தி பேருல ஒரு மெயில் போனா, பின்னாடியே அந்தப் பக்கத்த அப்படியே வச்சு நான் ஒண்ணு அனுப்புவேன்."

"மெரட்டுறியா?"

"ஆமா."

அவள் இதுவரை அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. அதற்குள் கதவு தட்டப்பட்டது. சரவணக்குமார்.

"சார், நெருப்பு முடிஞ்சிருச்சு. வந்து பாருங்க."

மூவரும் போய்ப் பார்த்தார்கள். அதை மட்டமென்று யாரும் சொல்லிவிட முடியாது. நாக்கு நாக்காகக் கிளம்பி, ஓட்டுச் சரிவில் ஏறி, விட்டத்தைச் சுற்றிப் பிடித்து, காற்றுக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து ஒன்பது நொடி எரிந்தது. ஆவுடையப்பன் தன்னை மறந்து நாக்கைச் சப்புக்கொட்டினார். ஆனால் ஓட்டுக் கூரையும் விட்டமும் அங்கே இல்லை. இருண்ட வெறுமையில், இல்லாத ஒரு வீட்டின் வடிவத்துக்கு நெருப்பு நின்றுகொண்டிருந்தது.

"இதுக்குப் பின்னாடி வைக்கிற வீடு எந்த ஃபோல்டர்ல இருக்குங்க? தேடிப் பாத்தேன், காணோம்," என்றான் சரவணக்குமார்.

கலைமதி அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அழிச்ச ஃபோல்டர்ல," என்றாள் கலைமதி.

அவன் அவளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். கலைமதிக்கு அதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் எரிச்சல்தான் வந்தது. ஒன்பது நொடி என்றால் இருநூற்றுப் பதினாறு படம். ஸ்டுடியோவில் எல்லாரும் பயன்படுத்தும் கம்பெனி சாஃப்ட்வேரில் வீட்டை மறுபடி எடுக்க ஒரு படத்துக்கு இருபத்தைந்து நிமிடம். ஆறு மெஷினையும் போட்டாலும் பதினைந்து மணி நேரம். மணி இப்போது ஒன்று ஐம்பது.

ஆவுடையப்பன் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப எட்டு ஷாட்டும் போச்சா?"

கலைமதி செவந்தியிடம் போனாள்.

"அந்த வீட்ட இன்னும் சுருக்கா எடுக்க வழி இருக்கா? வெளிச்சத்தக் கொறச்சு, சைஸக் கொறச்சு, ஏதாவது?"

செவந்தி மேசைக்கு அடியில் வைத்திருந்த பையைப் பார்த்தாள். அதில் அவளுடைய லேப்டாப் இருந்தது. பன்னிரண்டாவது படித்தபோது அரசாங்கம் கொடுத்ததில்தான் தொடங்கினாள். அது செத்துப்போனதும் அண்ணன் கத்தாரிலிருந்து வரும்போது வாங்கி வந்தது இது.

"பிளெண்டர்ல இருக்குக்கா. அதே வீடு." பிளெண்டர், யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும் கிராபிக்ஸ் சாஃப்ட்வேர்.

"அதுல எப்படி வந்துச்சு?"

"எல்லாத்தையும் மொதல்ல அதுலதான் பண்ணுவேன். எனக்கு அதுலதான் யோசிக்க வரும். அப்பறம் இங்க வந்து கம்பெனி சாஃப்ட்வேர்ல திரும்பப் பண்ணுவேன்."

"ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவையா?"

"ஆமா. வீட்டுல ஒரு தடவ, இங்க ஒரு தடவ."

"எத்தன நாளா?"

"சேந்ததுலருந்து."

அவள் சேர்ந்து ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடமும், செவந்தி நல்ல பிள்ளைதான், ஆனால் கை கொஞ்சம் மெதுவு என்று கலைமதியே ஆவுடையப்பனிடம் சொல்லியிருக்கிறாள்.

"இந்த ஆறு மெஷின்ல, இந்த கார்டுல போட்டா எவ்வளவு ஆகும்?"

"படத்துக்கு நாலு நிமிஷம்."

கலைமதி மனதுக்குள் பெருக்கி வகுத்தாள். இரண்டரை மணி நேரம். ஐந்து மணிக்குள் முடியும். "குடு. நான் இப்பவே இன்ஸ்டால் பண்றேன்."

செவந்தி எழுந்திருக்கவில்லை.

"ரூல் இருக்கேக்கா."

குத்தலாகச் சொன்னாளா என்று கலைமதி அவள் முகத்தைப் பார்த்தாள். குத்தல் இல்லை. அதைவிட மோசமாக இருந்தது அந்த முகம்.

"ரூல விடு இப்ப."

"எதுக்குக்கா விடணும்? நான் வந்த அன்னைக்கே கேட்டேன். ஒரே ஒரு மெஷின்ல போட்டுக் குடுங்க, போதும்னு. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க, மெஷின் எல்லாம் கலஞ்சிரும், பொது ரூம்ல கம்பெனி சாஃப்ட்வேர் ஒண்ணுதான்னு சொன்னீங்க. சரின்னு நாலு மாசம் முட்டி மோதிக் கத்துக்கிட்டேன். பாத்ரூம்ல போயி அழுதுருக்கேன். அவரு வந்தாரு. ஒரு வாரத்துல கேட்டாரு. ரெண்டு நாள் ஒக்காந்து ஆறு மெஷின்லயும் போட்டுக் குடுத்தீங்க. ரூலு எனக்கு மட்டுந்தானாக்கா?"

கலைமதிக்கு முதலில் வந்தது இவள் மேலேயே கோபம். மணி ஓடுகிறது, இதைப் பேசுகிற நேரமா இது? அவருக்குப் போடச் சொன்னது முதலாளி, நான் என்ன செய்ய முடியும் என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் நிறுத்தியது எது என்று அவளுக்கே தெரியவில்லை. சரவணக்குமார் கேட்டதைப் போட முடியாது என்று முதலாளியிடம் ஒரு நாள் சண்டை போட்டாள், தோற்றாள், உட்கார்ந்து போட்டுக்கொடுத்தாள். அப்போதாவது செவந்தியின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கம்பெனி சாஃப்ட்வேர் என்று அவள் பெரிய பேச்சாகச் சொன்னதும் எது? கல்லூரி முடித்ததும் அவள் கற்றது அது. மெஷின்களை ஓட்ட அவள் எழுதி வைத்த அத்தனையும் அதற்கு எழுதியவை. அவள் கைக்கு வசதியானதை எல்லாருக்குமான சட்டம் என்று சொல்லியிருக்கிறாள். எதிர்த்துப் பேச முடியாத பெண்ணிடம் அந்தச் சட்டம் நின்றது. எதிர்த்துப் பேசத் தெரிந்தவனிடம் நிற்கவில்லை.

காலையிலிருந்து அடுத்தவர் மேல் வளர்த்த கோபம் மொத்தமும் அவள் பக்கமே திரும்பி நின்றது.

"என்ன செய்யணும் சொல்லு," என்றாள்.

"என் பேருல மெயில் போகாதுன்னு சாரு சொல்லணும். எங்கிட்ட, நேர்ல."

கலைமதி திரும்பினாள். ஆவுடையப்பன் நான்கடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. சந்தனத்தைச் சொறிந்தார். எழுந்தார். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நான்கடியை அவர் நடந்து வர நேரம் பிடித்தது.

"இல்லம்மா. ஒம் பேரு போகாது."

செவந்தி குனிந்து பையை எடுத்தாள்.

இரண்டே காலுக்கு முதல் படம் ஓட ஆரம்பித்தது. ஆறு கார்டும் ஒன்றாக இழுத்ததில் பத்தாவது நிமிடமே கீழேயிருந்து ஆண்டிச்சாமி கத்தினார், வண்டி தாங்காது, லோடைக் குறை என்று. கலைமதி மேசை மேசையாகப் போய் எல்லாருடைய கம்ப்யூட்டரையும் நிறுத்தச் சொன்னாள். முனகினார்கள். பிரகதீஸ்வரி சேமிக்க இரண்டு நிமிடம் கேட்டாள், கொடுத்தாள். மேல்மாடி ஏசியை அணைத்தாள். கடைசியாக ஆவுடையப்பனின் அறைக்குப் போய், அவரிடம் கேட்காமல், அங்கே ஓடிய ஏசியையும் அணைத்தாள். அன்று முழுவதிலும் அந்த ஒரு ஸ்விட்சை அழுத்தியதுதான் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வேலை இல்லாமல் எல்லாரும் மாடிப்படியிலும் பால்கனியிலும் போய் நின்றார்கள். ஜெனரேட்டர் கொட்டகைத் தகரத்தில் ஒரு மயில் நடக்கும் சத்தம் டக் டக் என்று கேட்டது. சரவணக்குமார் மட்டும் உள்ளேயே நின்றான். கலைமதி சொல்லாமலே சர்வரில் தன் பழைய நெருப்பையும் புகையையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழித்துக்கொண்டிருந்தான். பிறகு செவந்தியின் பக்கத்தில் போய் நின்றான்.

"வெளிச்சம் எடது பக்கத்துலருந்துதான வருது?"

"ஆமா சார்."

"ஓட்டுல கொஞ்சம் கருப்புப் பிடிச்ச மாதிரி இருந்தா நல்லா இருக்கும்."

"அத நீங்க கலர்ல பாத்துக்கங்க சார். மறுபடி எடுக்க நேரமில்ல."

அவன் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். மன்னிப்பு என்று எதுவும் அவன் கேட்கவில்லை. கேட்பான் என்று கலைமதி காத்திருந்தாள், அது வராதது ஒவ்வொரு நிமிடமும் உறுத்தியது. தான் கேட்க வேண்டியது பாக்கி இருப்பது அதைவிட உறுத்தியது.

நாலு ஐம்பதுக்குக் கடைசிப் படம் வந்தது. ஐந்து பத்துக்குக் கரண்ட் வந்தது. வீட்டையும் நெருப்பையும் சேர்த்து, ஓட்டுக்குக் கருப்பேற்றி, ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அந்த ஒரு ஷாட் ஹைதராபாத்துக்குப் போனது. தெரு ஷாட் ஏழும் போகவில்லை. அதற்கான மெயிலைக் கலைமதி எழுதினாள். எங்கள் ஸ்டுடியோவில் பொதுவான மெஷின்களையும் சர்வரையும் நாங்கள் சரியாகப் பங்கிட்டுக் கொடுக்காததால் ஃபோல்டர் ஒன்று அழிந்துவிட்டது, மீதி நாளை மாலை வரும் என்று இருந்தது அதில். யாருடைய பெயரும் இல்லை. 'சரியாகப் பங்கிட்டுக் கொடுக்காததால்' என்பதை எடுத்துவிடச் சொன்னார் ஆவுடையப்பன். அவர் சொல்லி முடிப்பதற்குள் அனுப்பிவிட்டாள்.

அதற்கு முன்பே, கரண்ட் வந்த சூட்டோடு, எல்லார் முன்னிலையிலும் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள்.

"புதுசு என்னன்னு எங்கிட்டயாவது சொல்லு," என்றார் ஆவுடையப்பன்.

அவள் ஒரு தாளை நீட்டினாள். யாருடைய வேலையையும் அதற்கு உரியவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சர்வரில் ஆளுக்கு இவ்வளவு இடம், அதற்கு மேல் போனால் தன்னுடையதை அழிக்க வேண்டும். பொது மெஷினில் எந்த சாஃப்ட்வேர் வேண்டும் என்று யார் கேட்டாலும் ஒரு மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும், அது யாராக இருந்தாலும் சரி.

"கையெழுத்துப் போடுங்க, சொல்றேன்."

"நாளைக்குப் பேசுவோம்மா. தலவலிக்குது."

"அப்ப பாஸ்வேர்டும் நாளைக்கு."

அவர் அன்றைக்குப் போடவில்லை, மறுநாளும் போடவில்லை. மூன்றாம் நாள் 'ஆளுக்கு இவ்வளவு' என்ற இடத்தில் சரவணக்குமாருக்கு மட்டும் கொஞ்சம் கூட்டித் திருத்திவிட்டுப் போட்டார். நெருப்புக்கு இடம் அதிகம் பிடிக்கும் என்பது கலைமதிக்கும் தெரியும். ஒத்துக்கொண்டாள். இங்கே எல்லாம் வேலை பார்க்க முடியாது என்று சரவணக்குமார் ஒரு வாரம் முணுமுணுத்தான். பிறகு நாலு மெஷினுக்குள் நெருப்பு வைக்கப் பழகிக்கொண்டான்.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு மாலை எல்லாரும் கிளம்பும்போது, செவந்தி டிபன் பாக்ஸைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். இலுப்பூர் பஸ்ஸுக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. கலைமதி அவள் மேசை ஓரத்தில் வந்து நின்றாள்.

"தப்பு எம்மேலதான் செவந்தி."

செவந்தி நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாக்கா," என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பரவால்லக்கா என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஆமாவைக் கலைமதி கூடவே கொண்டுபோனாள். ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தால் என்ன என்று ஒரு நேரம் கோபம் வந்தது. என்னத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மறுநேரம் தோன்றியது. வீட்டில் அம்மா எடுத்து வைத்த தோசையை இரண்டோடு நிறுத்திக்கொண்டு, ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு டீசல் நாற்றம் என்றாள்.

மறுநாள் காலை ஏழரைக்கே போய்ப் பின்னறையைத் திறந்து, மீதி ஆறு மெஷினிலும் பிளெண்டரைப் போட உட்கார்ந்தாள். ஒன்றரை வருடத்துக்கு முன் எதற்குப் பயந்து மாட்டேன் என்றாளோ, அதுவும் நடந்தது. ஐந்தாவது மெஷின் முடிந்ததும் வேலைகளை வரிசையில் விடுவதற்கு அவள் எழுதி வைத்திருந்த இரண்டு ஸ்கிரிப்டுகள் படுத்துக்கொண்டன. ஆள் இல்லாத அறையில் வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அது யாரையும் குறித்துச் சொன்னதல்ல. பிறகு துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, அவற்றை முதல் வரியிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்தாள்.